தேதியைத் தவறவிடலாகாது!

(தோட்டக் கிளைப் பொதுக்கூட்டத்தில் கிராணி ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது வருமான வரிப் பாரம் அனுப்ப வேண்டிய தேதிகள். "பால் வெட்டுகிறவனுக்கு வருமான வரி ஏது? அது துரைமார் சமாச்சாரம்" என்று பின்வரிசையில் ஒரு சகோதரர் முணுமுணுப்பது காதில் விழுகிறது. அவர் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. 1947-ஆம் ஆண்டில் மலாயாவில் வருமான வரிச் சட்டம் பிறந்தபோது அது துரைமாரையும் கம்பெனிகளையும் பற்றிய சட்டமாகவே நம் லயங்களில் பேசப்பட்டது. இன்றும் மாதம் 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளம் மட்டும் பெறுகிறவருக்கு ஆண்டு வருமானம் 20,400 வெள்ளிதான். சேமநிதி கழித்து ஆண்டுக்கு 34,000 வெள்ளிக்கு மேல் சம்பாதிப்பவரே வரிக் கோப்பு திறக்க வேண்டும் என்பது விதி. ஆகவே அவர் வரி கட்ட வேண்டியதில்லை.

ஆனால் தோழர்களே, அவருடைய வீட்டுக்குள் எட்டிப் பாருங்கள். மகள் டவுனில் நர்ஸ் வேலை பார்க்கிறாள். மகன் சொந்த வேன் ஓட்டுகிறான். மருமகள் வாசலில் பலகாரக் கடை போட்டிருக்கிறாள். பால் வாளி ஒன்று இருந்த வீட்டில் இன்று மூன்று வகை வருமானம் நுழைகிறது. வருமானத்தின் வகை மாறினால் பாரமும் மாறும், பாரம் மாறினால் தேதியும் மாறும். இதை அறியாததால் நம்மவர் பணம் வீணாகப் போகிறது. இதைச் சொல்லத்தான் வந்தோம்.

முதலில் சம்பளக்காரர். ஓராண்டு சம்பளத்துக்கு மறு ஆண்டில் பி.இ. பாரம் அனுப்ப வேண்டும். சட்டம் குறித்த நாள் ஏப்ரல் 30. இணையத்தின் வழி அனுப்புவோருக்கு வரி வாரியம் 15 நாள் சலுகை தந்து மே 15 வரை ஏற்றுக்கொள்கிறது. சலுகை என்பது சலுகைதான். அதை உரிமையென்று எண்ணிக் கடைசி இரவு வரை காத்திருப்பது, மழை இருட்டிக்கொண்டு வந்த பிறகு கோப்பையைத் தேடுவது போன்றதாகும்.

அடுத்து, சொந்தத் தொழில் செய்வோர். கடையோ, வேனோ, தையலோ, தம் பெயரில் தொழில் வருமானம் உள்ளவர் பி பாரம் அனுப்ப வேண்டும். நாள் ஜூன் 30. இணையத்தில் ஜூலை 15 வரை சலுகை உண்டு. இருவர் கூட்டாகத் தொழில் செய்தால் அந்தக் கூட்டுத் தொழிலுக்குத் தனியாக பி பாரம், அதற்கும் ஜூன் 30. கம்பெனியாகப் பதிந்திருந்தால் கணக்கு முடித்த நாளிலிருந்து ஏழு மாதம். இங்கே கம்பெனி வைத்திருப்பவர் யாரும் இல்லை. இருந்தால் சந்தாவைக் கூட்டித் தரட்டும்!

மேலே "கூட்டுத் தொழிலுக்கு பி பாரம்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டோம். அது 'பீ' என்று 'ப' ஓசையில் தொடங்கும் ஆங்கில எழுத்துப் பாரம். தனி ஆளுக்கு உரிய பாரம் ஆங்கில அரிச்சுவடியின் இரண்டாம் எழுத்து. கூட்டுத் தொழிலுக்கு உரியது பதினாறாம் எழுத்து. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுபோல் தெரியும். வாங்கும்போது கவனியுங்கள்.

சம்பளமும் தொழிலும் இரண்டும் உள்ளவர் என்ன செய்வது? அவர் பி.இ. பாரத்தைத் தொடவே கூடாது. இரண்டு வருமானத்தையும் சேர்த்துத் தனி ஆளுக்குரிய தொழில் பாரத்தில் காட்ட வேண்டும். இங்கேதான் நாங்களே ஒரு பிழை செய்தோம். அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

எங்கள் தோட்டத்தில் பால் வெட்டும் அம்மா ஒருவரின் மகன், ஒரு வருஷம் பாதி வரை லாரி ஓட்டுநராகச் சம்பளத்துக்கு இருந்தான். பிறகு பழைய வேன் ஒன்றை வாங்கிச் சொந்தமாகச் சாமான் ஏற்றத் தொடங்கினான். மறு ஆண்டு ஏப்ரலில் பழைய முதலாளி கொடுத்த இ.ஏ. பாரத்தோடு வந்தான். நாங்களும் உதவி செய்கிற பெருமையில் பக்கத்தில் உட்கார்ந்து பி.இ. பாரத்தை நிரப்பி, தேதிக்கு முன்பே அனுப்பிவிட்டோம். வேன் வருமானத்தைப் பற்றி அவன் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பின்னொரு நாள் வாரியத்திலிருந்து கடிதம் வந்தது. விடுபட்ட வருமானத்துக்கு வரி, அதன் மேல் தண்டம். வேன் தவணைக்கு வைத்திருந்த பணம் அதற்குப் போயிற்று. "கிராணி ஐயா, நீங்கள் எழுதியதுதானே?" என்று அந்த அம்மா கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. அதனால்தான் எங்களால் தலை நிமிர முடியவில்லை.

2004-ஆம் ஆண்டு முதல் தனி ஆளும் தன் வரியைத் தானே கணக்கிட்டுச் சொல்ல வேண்டும் என்பது சட்டம். எழுதிக் கொடுத்தவர் யாராயினும் பொறுப்பு வரி செலுத்துபவர் தலையிலேதான் விழும். ஆகவே கிராணிமார்களே, பாரத்தைத் திறக்குமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: "சென்ற வருஷம் உங்கள் பெயரில் வேறு ஏதாவது தொழில் செய்தீர்களா?" இந்த ஒரு கேள்வியை நாங்கள் அன்று கேட்டிருந்தால், பாரமும் மாறியிருக்கும், ஜூன் 30 வரை அவகாசமும் கிடைத்திருக்கும்.

இனி, "வரி வந்துவிடுமே" என்று பயந்து ஒளிபவருக்கு ஒரு கணக்கு. மாதம் 3,500 வெள்ளி வாங்கும் ஒரு நர்ஸை எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 42,000. தனி ஆள் கழிவு 9,000, சேமநிதிக்கு 4,000 போக மீதி 29,000. 2023-ஆம் ஆண்டு வருமானத்திலிருந்து நடைமுறைக்கு வந்த விகிதப்படி இதற்கு வரி 420 வெள்ளி. வரிக்குரிய வருமானம் 35,000-ஐத் தாண்டாதவருக்கு 400 வெள்ளி தள்ளுபடி. ஆக அவர் கட்ட வேண்டியது வெறும் 20 வெள்ளி! சொக்சோ சந்தாவையும் இணையக் கட்டணத்தையும் சேர்த்து 700 வெள்ளிக்குக் காட்டினால் அதுவும் போய்விடும். இந்த 20 வெள்ளிக்குப் பயந்து பாரம் அனுப்பாமல் இருந்து வழக்கானால், குறைந்தது 200 வெள்ளி அபராதம். கூடினால் 20,000 வெள்ளி, அல்லது ஆறு மாதச் சிறை, அல்லது இரண்டும். பாரத்தை அனுப்பிவிட்டு வரியைத் தேதிக்குள் கட்டாவிட்டாலும் பாக்கியில் நூற்றுக்குப் பத்து ஏறும்.

இன்னொரு பக்கமும் உண்டு. மாதச் சம்பளத்திலேயே வரி பிடிக்கும் முறை 1995-இல் வந்தது. போனஸ் மாதத்தில் கூடுதலாகப் பிடித்திருக்கலாம். பிள்ளைகளுக்கும் பெற்றோர் வைத்தியத்துக்கும் உரிய கழிவுகளை முதலாளியிடம் சொல்லாமல் விட்டிருக்கலாம். மிகுதியாகப் பிடித்தது உங்கள் பணம். ஆனால் பாரம் அனுப்பாதவர் வீட்டுக்கு அது திரும்பி வராது. தேதி என்பது கட்டுவதற்கு மட்டுமல்ல, வாங்குவதற்கும்தான் என்பதை மறந்துவிடலாகாது.

முதலாளிக்கும் தேதி உண்டு. பிப்ரவரி கடைசி நாளுக்குள் ஒவ்வொரு ஊழியருக்கும் இ.ஏ. பாரத்தைக் கொடுத்தாக வேண்டும். தராமல் இருப்பது குற்றம். அதைக் கெஞ்சிக் கேட்க வேண்டியதில்லை, உரிமையோடு கேளுங்கள். ஆபீசில் அதைத் தயாரிக்கும் நாங்களும் "நாளைக்கு வா" என்று சொல்லும் பழக்கத்தை விட்டொழிக்க வேண்டும். தொழிலாளியை ஒரு நாள் அலைய வைத்தால் அவருக்கு ஒரு நாள் வெட்டுக் கூலி போகிறது.

ஆகவே நம் கிளை முன் மூன்று வேலைகளை வைக்கிறோம். ஒன்று, மார்ச் முதல் வாரத்தில் இ.ஏ. பாரம் கிடைக்காதவர் பெயர்களைச் செயலாளர் எழுதி நிர்வாகத்திடம் கொடுக்க வேண்டும். இரண்டு, மார்ச், ஏப்ரல் ஞாயிற்றுக்கிழமைகளில் கிராணிமார் மண்டபத்தில் உட்கார்ந்து உதவ வேண்டும். ஜூன் மாதத்தில் தொழில் செய்வோருக்காக மறுபடியும் கூட வேண்டும். கடவுச்சொல்லை யாரிடமும் கொடுக்கலாகாது. பொத்தானை அவரவரே அழுத்தட்டும். மூன்று, ரசீதுகளை ஏழு ஆண்டு காத்து வைக்க வேண்டும். பிஸ்கட் டின் ஒன்று போதும்.

படித்த சிலருக்கு மட்டும் தெரிந்த தேதி, படிக்காத பலருக்குத் தண்டமாக முடிகிறது. சங்கம் இருப்பது அந்தத் தேதியை எல்லாருக்கும் சொல்வதற்கே. அந்த அம்மாவின் கேள்வி இன்னொரு கிராணியின் காதில் விழாதிருக்கட்டும்.

வாழ்க தொழிலாளர் ஒற்றுமை!