ஆட்டுச் சொறிக்கு எம்மருந்து?

தோட்டத் தோழர்களே! கோலசிலாங்கூர் வட்டாரத்தில் செம்பனை நிழலில் ஆடு வளர்ப்போர் பலர். ஆட்டுச் சொறி அழுக்கினால் வருவதன்று. கண்ணுக்குப் புலப்படாத சொறிப்பூச்சிகளால் வருவது. புதிதாக வாங்கிய ஓர் ஆடே மந்தை முழுவதற்கும் கொண்டுவந்துவிடும்.

மருந்துக் குளியலில் உடல் முழுதும் நனைய வேண்டும். உடனே மழை பெய்தால் பயன் குன்றும். நம் வானிலையில் இது பெருங்குறையே. ஐவர்மெக்டின் ஊசியோ இரத்தத்தின் வழியே தோலைச் சென்றடையும். (ஜப்பானிய மண்ணின் நுண்ணுயிரிலிருந்து பிறந்த மருந்து; கண்டறிந்தோர்க்கு 2015இல் நோபல் பரிசு கிடைத்தது.) எனினும் அது பாலிலும் இறைச்சியிலும் பல நாள் தங்கும். குழந்தைக்குப் பால் தரும் ஆட்டுக்கும் தீபாவளிக்கென வளர்க்கும் கிடாவுக்கும், கால்நடை மருத்துவரைக் கேளாமல் அதனைப் போடலாகாது என்பதே நம் கருத்து.

எதைத் தேர்ந்தாலும், நலமாகத் தோன்றும் ஆடுகளுக்கும் அதே நாளில் கொடுத்தல் வேண்டும். பூச்சியின் முட்டை மருந்துக்குச் சாகாது. ஆதலால் மருத்துவர் குறிக்கும் நாளில் மறுமுறையும் உண்டு.