ரயில் போன தடத்தில் சைக்கிள்

(பழைய மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"வெளிநாட்டு அனுபவம் பத்தி ஒரு கால் மணி நேரம் பேசுங்க சார்" என்று செயலாளர் சொன்னார். அங்கே சம்பளம் எவ்வளவு, குளிர் எவ்வளவு என்பதெல்லாம் கேட்டுக் கேட்டு உங்களுக்கு அலுத்துப் போயிருக்கும். அதனால் நான் சைக்கிள் பற்றிப் பேசலாம் என்று இருக்கிறேன். சிரிக்காதீங்க. நம்ம தரங்கம்பாடி ரயிலுக்கு வந்துதான் முடிப்பேன்.

நான் இருப்பது இங்கிலாந்தின் கிழக்கே, நார்ஃபோக் மாவட்டத்தில், நாரிச் என்கிற ஊர். இங்கிலாந்து என்றதும் நீங்கள் நினைக்கிற மலை, பள்ளத்தாக்கு எதுவும் பெரிதாகக் கிடையாது. நம்ம கடைமடை மாதிரி தட்டையான பூமி. ஆறுகள் அவசரமில்லாமல் வளைந்து வளைந்து போகும். கரையோரம் சதுப்பும் நாணலும். போன புதிதில் எனக்கு அந்த ஊர் பிடித்ததற்குக் காரணமே அதுதான்.

நாரிச் நகரத்துக்குள் தொடங்கி அய்ல்ஷம் என்ற சிற்றூர் வரைக்கும் சுமார் 42 கிலோமீட்டருக்கு ஒரு பாதை இருக்கிறது. 'மேரியட்ஸ் வே' என்று பெயர். கார், லாரி, பஸ் எதுவும் வராது. நடப்பவர்கள், சைக்கிளில் போகிறவர்கள், சில பகுதிகளில் குதிரையில் வருகிறவர்கள், அவ்வளவுதான். ஊருக்கு வெளியே பெரும்பாலும் தார் கிடையாது. சரளையும் மண்ணும் போட்டு இறுக்கிய தரை.

அது பழைய ரயில் தடம். மிட்லண்ட் அண்ட் கிரேட் நார்தர்ன் ஜாயின்ட் என்று ஒரு ரயில் கம்பெனி. பெயர் எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளம் நஷ்டம். அதன் ஆங்கில முதலெழுத்துகளை வைத்து, 'தட்டுத்தடுமாறி எங்கேயும் போய்ச் சேராத ரயில்' என்று பொருள் வருகிற மாதிரி ஜனங்கள் கேலி செய்வார்களாம். அந்தக் கம்பெனியில் 41 வருஷம் வேலை பார்த்த இன்ஜினீயர் வில்லியம் மேரியட். அவர் பெயரைத்தான் பாதைக்கு வைத்திருக்கிறார்கள். அமைச்சர் பெயர் இல்லை, இன்ஜினீயர் பெயர்; எனக்கு அது பிடித்திருந்தது.

1959 பிப்ரவரியில் பயணிகள் ரயிலை நிறுத்திவிட்டார்கள். லென்வேட் என்ற ஊரில் ஒரு கான்கிரீட் தொழிற்சாலை இருந்ததால் கூட்ஸ் வண்டி மட்டும் 1985 வரை ஓடியது. அதுவும் நின்ற பிறகுதான் தடம் பாதையாக மாறியது. இப்போது மாவட்ட நிர்வாக மன்றத்தின் பொறுப்பில் இருக்கிறது.

சைக்கிளுக்கு ரயில் தடத்தைப் போல வசதியான பாதை வேறு இல்லை என்று நான் சொல்வேன். ரயில் இன்ஜினால் செங்குத்தாக ஏற முடியாது. அதனால் தடம் போடுகிறவன் பள்ளத்தை மேடாக்கி, மேட்டை வெட்டி, ஏற்றமே தெரியாத மாதிரி சமன் செய்திருப்பான். சதுப்பு நிலம் வந்தால் கரை எழுப்பித் தடத்தை உயர்த்தியிருப்பான். ஆறு வந்தால் பாலம் போட்டிருப்பான். நூறு வருஷத்துக்கு முன்னால் யாரோ பட்ட பாடு, இன்றைக்கு என்னை மாதிரி முழங்கால் வலிக்காரன் மூச்சு வாங்காமல் மிதிக்கிறான்!

வென்சம் என்ற ஆறு கூடவே வரும். சுண்ணாம்புப் பாறைக்குள் ஊறி வருகிற தண்ணீர், அடியில் கிடக்கிற கல் தெரியும். அந்த ஆற்றைப் பாதை பல இடங்களில் தாண்டுகிறது. டிரேட்டன் பக்கத்தில் ஒரு பழைய இரும்புப் பாலம். அதைத் தாண்டும்போது நான் எப்போதும் இறங்கி நிற்பேன். கீழே நீர்ப்பாசி தண்ணீர் போகிற திசையில் தலைமுடி மாதிரி அலைந்துகொண்டிருக்கும். பொறுமையாக நின்றால் மீன்கொத்தி வரும். நம்ம ஊர் மீன்கொத்தியை விடச் சின்னது, நீலம் மட்டும் அதே நீலம். நீர்நாய் இருக்கிறது என்கிறார்கள். இத்தனை வருஷத்தில் ஒரே ஒரு தடவைதான், அதுவும் வால்தான், கண்ணில் பட்டது.

பாதையின் தொடக்கத்தில், நகரத்துக்குள்ளேயே, ஸ்வீட் பிரையர் என்று 90 ஏக்கர் சதுப்பு நிலம் இருக்கிறது. 2022-இல் நார்ஃபோக் வனவுயிர் அறக்கட்டளை அதை வாங்கிவிட்டது. நகரத்துக்குள் 90 ஏக்கர் என்றால் நம்ம ஊரில் என்ன ஆகியிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

குதிரை எதிரே வந்தால் பெல் அடிக்கக் கூடாது, மிரளும். வேகத்தைக் குறைத்து, மனுஷக் குரல் கேட்கிற மாதிரி "குட் மார்னிங்" சொல்ல வேண்டும். மழைக்காலத்தில் மரநிழல் இருக்கிற இடமெல்லாம் சேறு. கொஞ்சம் அகலமான டயர் போட்டு, காற்றைக் குறைத்து வைத்துக்கொண்டால் சறுக்காது. இதற்கென்றே 'கிராவல் பைக்' என்று விலை உயர்ந்த சைக்கிள்கள் கடைகளில் வந்துவிட்டன. என்னிடம் அது இல்லை. பிளஸ் ஒன்னில் அரசாங்கம் கொடுத்த சைக்கிள் உங்களிடம் இருக்கிறதே, அது போதும்.

முழுக்கத் தார் போட்டுவிடலாமே என்றும் சிலர் கேட்கிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்கும் குழந்தை வண்டி தள்ளுகிறவர்களுக்கும் ஊரை ஒட்டிய பகுதியில் கெட்டித் தரை வேண்டும், அது நியாயம். மற்ற இடத்தில் சரளையே இருக்கட்டும். யாரும் பறக்க மாட்டார்கள். சக்கரத்தின் அடியில் கல் நெறுநெறுவென்று அரைபடுகிற சத்தத்திலேயே முன்னால் நடப்பவருக்கு ஆள் வருவது தெரிந்துவிடும்.

இப்போது நம்ம ஊருக்கு வருகிறேன்.

மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கு 30 கிலோமீட்டர், மீட்டர் கேஜ் ரயில். 1926-இல் வந்தது, 1986-இல் நிறுத்தினார்கள். என் செட் ஆட்களில் பாதிப் பேர் அதில்தான் வந்தோம். நான் ஆக்கூரில் ஏறுவேன். செம்பனார்கோவில் பையன்கள் சீட்டே கிடைக்காமல் படியில் தொங்குவார்கள். தம்பி தங்கைகளுக்கு இது கதையாகத்தான் இருக்கும். நீங்கள் பிறப்பதற்கு முன்பே வண்டி நின்றுவிட்டது.

அந்த ஒரு தடத்தில் என்னென்ன இருக்கிறது பாருங்கள். இரண்டு பக்கமும் வயல், காவிரியின் வாய்க்கால்கள். திருக்கடையூர் கோயில், என் வகுப்புத் தோழர்கள் பல பேருக்கு அங்கே அறுபதாம் கல்யாணமே முடிந்துவிட்டது. அப்புறம் வள்ளியம்மை நினைவாகத் தில்லையாடி. பொறையார். கடைசியில் கடல், 1620-இல் டென்மார்க்காரர்கள் கட்ட ஆரம்பித்த கோட்டை.

ரயில் மறுபடி வர வேண்டும் என்ற கோரிக்கை ரொம்ப காலமாக இருக்கிறது. நானும் அந்தக் கட்சிதான். சைக்கிள் பாதை போட்டால் ரயிலை மறந்துவிடுவார்கள் என்று நேற்று ஒரு நண்பர் என்னோடு சண்டைக்கே வந்தார். அவருக்கு இந்த மேடையிலிருந்தே பதில் சொல்கிறேன். ஸ்காட்லாந்தில் எடின்பரோவிலிருந்து தெற்கே போன ரயிலை 1969-இல் நிறுத்தினார்கள். 46 வருஷம் கழித்து, 2015-இல், ட்வீட்பேங்க் என்ற ஊர் வரைக்கும் மறுபடி ஓட விட்டார்கள். பிரிட்டனில் வேறு எத்தனையோ தடங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டார்கள். ஒருவன் வீடு கட்டினான், ஒருவன் கடை போட்டான். அங்கெல்லாம் இன்றைக்கு ரயிலும் இல்லை, சைக்கிளும் இல்லை. முப்பது கிலோமீட்டர் தடத்தில் நடுவில் அரை கிலோமீட்டர் போனால் மீதி இருப்பது பாதை இல்லை, மனைக்கட்டு. ஜனங்கள் தினம் நடந்து போகிற தடத்தில் வேலி போட யாருக்கும் அவ்வளவு சுலபத்தில் கை வராது. ரயில் வருகிற அன்றைக்குச் சைக்கிளை ஓரமாக நிறுத்திவிட்டு நாமும் டிக்கெட் வாங்கிக்கொள்வோம்.

சங்கத்துக்கு என் வேண்டுகோள் ஒன்றே ஒன்று. அது ரயில்வே நிலம். முறைப்படி அனுமதி கேட்டு, இந்தக் கோடையில் மாணவர்கள் சைக்கிளில் போய், தடம் எங்கே முழுசாக இருக்கிறது, எங்கே அறுந்திருக்கிறது, எந்த வாய்க்காலில் பாலம் நிற்கிறது என்று கிராம வரைபடத்தில் குறித்துக்கொண்டு வரட்டும். கேட் எங்கே இருந்தது, ஹால்ட் எங்கே இருந்தது என்று சொல்ல எங்களை மாதிரிக் கிழவர்கள் நாலு பேர் கூட வருகிறோம். வரைபடச் செலவு, டீ, டிபன் என் பொறுப்பு. பஞ்சர் செலவு மட்டும் அவரவர் பார்த்துக்கொள்ள வேண்டும். பெயர் கொடுக்கிறவர்கள் சாப்பாட்டுக்குப் போவதற்கு முன்னால் என்னிடம் வந்து கொடுங்கள். நோட்டு கொண்டு வந்திருக்கிறேன்.