மணலில் எழுதிய பெயர்
(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஆங்கிலத் தேர்வில் "இப்பாட்டின் மையக்கருத்து யாது?" என்றொரு கேள்வி தவறாமல் வரும். காதல் பாட்டு என்றால் நம் பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு "காதல் அழியாதது" என்று எழுதிவிடுவார்கள். எல்லாப் பாட்டுக்கும் பொருந்துகிற விடை அது. அதனாலேயே எந்தப் பாட்டுக்கும் போதாது.

எட்மண்ட் ஸ்பென்சர் 1595-இல் வெளியிட்ட 'அமோரெட்டி' தொகுப்பில் 75-ஆவது சானெட்டைப் பாருங்கள். மொத்தம் 14 வரி. கவிஞன் கடற்கரை மணலில் காதலியின் பெயரை எழுதுகிறான், அலை அழிக்கிறது. மறுபடி எழுதுகிறான், மறுபடியும் அழிகிறது. சங்குத்துறையிலும் முட்டத்திலும் நம்ம பையன்கள் செய்கிற வேலைதான், புதுசு ஒண்ணுமில்லை.

அதோடு நிறுத்திராதீங்க மக்களே. ஐந்தாவது வரியில் அந்தப் பெண் வாய் திறக்கிறாள். அக்காலச் சானெட்டுகளில் பெண் பெரும்பாலும் புகழ்ச்சியைக் கேட்டுக்கொண்டு சும்மா இருப்பவள். இவளோ, "வீண் வேலை செய்கிறாய், நானும் இந்தப் பெயர்போல அழிகிறவள்தானே" என்று வாதாடுகிறாள். நாலு வரி அவளுக்கு. ஒன்பதாவது வரியில் கவிஞன் "அப்படியில்லை" என்கிறான். அங்கேதான் பாட்டு திரும்புது.

ஆனால் அவன் சாவை மறுக்கவில்லை. சாவு உலகையே வெல்லும் என்று கடைசியில் அவனே சொல்கிறான். மணலை விட்டுவிட்டுச் செய்யுளில் எழுதுகிறேன், அதில் நீ நிற்பாய் என்பதுதான் அவன் பதில். காதல் வாழும் என்பது அதற்கும் பிறகு வருவது. அழிகிறவளை எதில் எழுதினால் நிற்பாள்? இதுதான் அங்கே நடக்கிற வழக்கு. விடைக்கையேட்டின் மூன்று வரிச் சுருக்கத்தை மட்டும் படித்தால், அவள் பேசினாள் என்பதே தெரியாமல் போய்விடும்.

இன்னொரு வேடிக்கை. இத்தனை பாடுபட்டு எழுதிய பெயர் அந்தப் பாட்டில் இல்லவே இல்லை! 74-ஆவது சானெட்டில் தாய், அரசி, காதலி மூவருக்கும் எலிசபெத் என்ற ஒரே பெயர் என்று பாடியவர், இதில் அதைச் சொல்லவில்லை. நமக்கு இது அதிசயமில்லை. அகப்பாட்டில் ஒருவர் பெயரையும் சுட்டிச் சொல்லலாகாது என்று தொல்காப்பியர் விதியே வகுத்திருக்கிறார். (அந்நூலைக் கேட்ட அதங்கோட்டாசான் நம்ம அதங்கோட்டுக்காரர் என்று நாம் உரிமை கொண்டாடுவதுண்டு, அது கிடக்கட்டும்.) பெயர் போயிற்று. அவள் கேட்ட கேள்வி 400 ஆண்டு கழித்தும் நிற்கிறது.

இளையவர்கள் அடுத்து ஷேக்ஸ்பியரின் 130-ஆவது சானெட்டைப் படியுங்கள். யார் பேசுகிறார், எந்த வரியில் "ஆனாலும்" வருகிறது என்று பென்சிலால் கோடு போட்டுப் பாருங்கள். அதில் அது கடைசி இரண்டு வரியிலாக்கும் இருக்கிறது.