பொன்னியின் செல்வனும் உடையார்குடிக் கல்வெட்டும்

(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



கவிஞர்கள் நிறைந்த அவையில் நான் வெறும் வாசகன். ‘உங்களை வாசகராக்கிய நூலைப் பற்றிப் பேசுங்கள்’ என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். உண்மையைச் சொன்னால் அது ‘பொன்னியின் செல்வன்’தான். இந்த மேடையில் அதைச் சொல்லச் சற்றுக் கூச்சமாக இருக்கிறது. அந்தக் கூச்சம் ஏன் வந்தது, அது நியாயமானதுதானா என்பதே என் பேச்சு.

1950 முதல் 1954 வரை ‘கல்கி’ இதழில் தொடராக வந்த கதை அது. எங்கள் வீட்டில் அது, வாரந்தோறும் கிழித்துச் சேர்த்துத் தைத்த பைண்டாக இருந்தது. மணியத்தின் படங்கள் சில பக்கங்களில் மங்கிப் போயிருந்தன. இடையிடையே பக்கங்களும் இல்லை. பதின்மூன்று வயதில் அதைக் கையில் எடுத்தேன். இல்லாத பக்கங்களில் என்ன நடந்திருக்கும் என்று நானே இட்டுக்கட்டிக்கொண்டேன். நான் செய்த ஒரே இலக்கியப் படைப்பு அதுதான்.

கடலூர் மாவட்டத்துப் பிள்ளைக்கு அந்த நூல் தரும் மகிழ்ச்சி மற்றவர்களுக்குக் கிடைக்குமா என்பது எனக்கு ஐயம். தஞ்சையிலோ பழையாறையிலோ அந்தக் கதை தொடங்கவில்லை. ஆடிப் பெருக்கன்று, நம் வீராணம் ஏரிக்கரையில், ஒரு குதிரைக்காரனோடு தொடங்குகிறது. முதற் பராந்தகனின் வீரநாராயணன் என்னும் பட்டப்பெயர்தான் வீராணமாகத் தேய்ந்தது என்பதை எனக்குப் பள்ளிப் பாடம் கற்பிக்கவில்லை, கல்கி கற்பித்தார். பேருந்துச் சன்னலில் ஓடி மறைந்த ஓர் ஏரி, அன்று முதல் எனக்கு ஏறிப் பார்க்க வேண்டிய கரையாயிற்று. இந்தக் கடனை நான் என்றும் மறுக்க மாட்டேன்.

சிதம்பரத்தில் படிக்க வந்தபோதுதான் சிக்கல் தொடங்கியது. தி. வை. சதாசிவ பண்டாரத்தாரின் ‘பிற்காலச் சோழர் சரித்திரம்’ அண்ணாமலைப் பல்கலைக்கழக வெளியீடு. அதைப் படித்த சூட்டில் ஒருநாள் காட்டுமன்னார்கோயிலுக்குப் பேருந்து ஏறினேன். அங்கே உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் சுவரில், ஆதித்த கரிகாலன் கொலையைப் பற்றிய கல்வெட்டு இருக்கிறது. இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது என்று கொள்ளப்படுவது, அதாவது கி.பி. 987 வாக்கில். வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபைக்கு அரசன் விடுத்த ஆணையை ஒட்டி எழுந்தது.

அதிலே சோமன் இருக்கிறான்; ரவிதாசன் இருக்கிறான்; பரமேசுவரன் இருக்கிறான். ரவிதாசனைப் பார்த்ததும் எனக்கு ஆந்தைக் குரல்தான் காதில் ஒலித்தது. நாவலில் அவன் மந்திரவாதி, பாண்டியனின் ஆபத்துதவி, பள்ளிப்படைக் காட்டில் நள்ளிரவில் சபதம் செய்பவன். கல்லிலோ அவனுக்குப் பஞ்சவன் பிரமாதிராசன் என்றும், பரமேசுவரனுக்கு இருமுடிச்சோழப் பிரமாதிராசன் என்றும் பட்டங்கள். ஒருவன் பட்டத்தில் பாண்டியன், மற்றவன் பட்டத்தில் சோழன்! இவர்கள் அரசிடம் பட்டம் பெற்றவர்கள். நிலமும் மனையும் சுற்றமும் உடைய இல்லறத்தார்.

ஆனால் என்னை உறங்கவிடாமற் செய்தது அந்தப் பட்டங்கள் அல்ல. யார் யாருடைய உடைமை பறிக்கப்பட வேண்டும் என்று கல்வெட்டு அடுக்கிக்கொண்டு போகிறது. தம்பியர், மக்கள், மனைவியர், பெற்றவள், பெண் கொடுத்த மாமன், தாயுடன் பிறந்த மாமன், உடன்பிறந்தாளை மணந்தவன், மகளை மணந்தவன். கொலை நடந்து பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலான பின்பு, மருமகப் பிள்ளையின் காணி வரை நீள்கிறது அந்த ஆணை. எந்த ஏரிக்கரையில் வந்தியத்தேவன் துள்ளிக் குதித்து வந்தானோ, அதே ஏரியை ஒட்டிய ஊரில்தான் அந்த மருமகப் பிள்ளைகளின் நிலம் விற்கப்பட்டது. பெற்றவள் என்ன ஆனாள்? ஐந்து பாகங்களிலும் அவளுக்கு இடமில்லை.

கல்கி சோழர் வரலாற்று நூல்களைக் கற்றவர். பண்டாரத்தாரையும் நீலகண்ட சாஸ்திரியாரையும் அறிந்தவர். சாஸ்திரியார் உத்தம சோழனை ஐயுற்றார். பண்டாரத்தார் அதை மறுத்தார். கல்கி என்ன செய்தார்? உத்தம சோழனை இரண்டு ஆளாக்கினார். ஆசை கொண்ட மதுராந்தகன் ஒருவன், பூத்தொடுக்கும் சேந்தன் அமுதன் ஒருவன். பழியெல்லாம் முன்னவனோடு போய்விட, மாசற்றவன் அரியணை ஏறுகிறான். கதையாகப் பார்த்தால் கைதேர்ந்த வேலை. அருள்மொழிவர்மனோ குற்றமே அறியாதவன். தண்டிக்கும் அரசன் முகத்தை நமக்குக் காட்டாமலே கதை முடிகிறது. நம் காலத்துப் பிள்ளைகள் இராசராசனை நேசிக்கிறார்களே, அது அந்த முகத்தைப் பாராத நேசம்.

கடம்பூரையும் சொல்ல வேண்டும். 2022இலும் 2023இலும் திரைப்படம் வந்தபின், கதை நடந்த இடங்களைக் காணப் புறப்படும் இளைஞர் சிலரை நான் சந்தித்தேன். மேலக்கடம்பூரில் சம்புவரையர் மாளிகை எங்கே என்று கேட்டார்கள். சம்புவரையர் தொண்டை நாட்டில் பிற்காலத்தில் ஓங்கியவர்கள். அந்த மாளிகை கல்கியின் எழுதுகோல் கட்டியது. அப்பர் பாடிய கரக்கோயில், தேர் வடிவில், அவர்கள் எதிரிலேயே நின்றது. ‘உள்ளே வாருங்கள்’ என்று அழைத்தேன். இருவர் வந்தார்கள், மற்றவர்கள் படம் எடுத்துக்கொண்டு புறப்பட்டார்கள். கதை இல்லையென்றால் அந்த இருவரும்கூட வந்திருக்க மாட்டார்கள் என்பதையும் நான் மறைக்கக் கூடாது.

‘இது வரலாறு இல்லை, சிறுவர் கதை’ என்று ஒதுக்கும் நண்பர்கள் இந்த வட்டத்திலேயே உண்டு. அவர்களோடு நான் உடன்படவில்லை. மணிமேகலையின் சாவில் இன்றும் எனக்குக் கண் கலங்குகிறது; அறுபதைக் கடந்தவன் கண்ணீர் அத்தனை மலிவானதன்று. பூங்குழலி கடலில் படகு செலுத்தும் பக்கங்களுக்கு நிகரான உரைநடையை நம் கவிதைத் தொகுப்புகள் பலவற்றில் தேடிச் சலித்திருக்கிறேன். (கவிஞர்கள் பொறுத்தருள்க.) என் வழக்கு வேறு. இத்தனை இனிமையாக எழுதத் தெரிந்தவர், அந்தக் கல்வெட்டின் கசப்பில் ஒரு துளியையாவது கலந்திருக்கலாமே என்பதுதான்.

சென்ற ஆடிப் பெருக்கன்று பேத்தியை வீராணக் கரைக்கு அழைத்துச் சென்றேன். மூன்றாம் பாகம் படித்துக்கொண்டிருக்கிறாள். இந்தத் தண்ணீர் 2004 முதல் சென்னைக்கும் போகிறது என்றேன். அது அவள் காதில் விழவில்லை. குதிரை எந்தப் பக்கமிருந்து வந்திருக்கும் என்று கேட்டாள். வடக்கே கை காட்டினேன். திரும்பும் வழியில் உடையார்குடிக் கோயில் திறந்திருந்தது. இறங்கலாமா என்று ஒரு கணம் தயங்கினேன். ஐந்தாம் பாகம் முடியட்டும் என்று பேருந்து ஏறிவிட்டோம்.