புகை வீட்டுக்குள் வந்ததா?

2006 மார்ச் 26. அன்றிலிருந்து ஸ்காட்லாந்தில் மதுக்கூடம், உணவகம், அலுவலகம் என்று நான்கு சுவருக்குள் இருக்கும் பொது இடங்களில் புகைபிடிக்கத் தடை. அப்போது பலருக்கு ஒரு பயம். வெளியே பிடிக்க முடியாதவர்கள் வீட்டில் உட்கார்ந்து ஊதுவார்கள், அதைப் பிள்ளைகள்தானே சுவாசிக்க வேண்டும்? நியாயமான பயம்தான்.

ஆய்வாளர்கள் நேரே பள்ளிக்கூடங்களுக்குப் போனார்கள். தடைக்கு முன்பும் பின்பும், பதினோரு வயதை ஒட்டிய மாணவர்களின் உமிழ்நீரைச் சோதித்தார்கள். அடுத்தவர் விடும் புகை உடம்புக்குள் போயிருந்தால், உமிழ்நீரில் உள்ள கோட்டினின் என்ற பொருள் காட்டிக்கொடுத்துவிடும். அதன் அளவு சராசரியாக 39 சதவீதம் குறைந்திருந்தது! பயந்தபடி புகை வீட்டுக்கு இடம் மாறவில்லை. எவ்வளவு நல்ல செய்தி!

ஆனால் எல்லாப் பிள்ளைகளுக்கும் அந்த நிம்மதி கிடைக்கவில்லை. தாய் புகைக்கும் வீடுகளிலும், பெற்றோர் இருவருமே புகைக்கும் வீடுகளிலும் சொல்லும்படியான குறைவு இல்லை. அந்தப் பிள்ளைகளை நினைத்தால் மனசு வலிக்கிறது. வீட்டுக்குள் சட்டம் வராது. புகைபிடிக்கும் நேயர்களே, உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்: பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்குள் இன்றிலிருந்து பற்றவைக்காதீர்கள்.