உபயம் எழுதாத உபகாரம்

(கேப்டன் லட்சுமி அம்மையாரின் நினைவு நாளையொட்டி வெம்பக்கோட்டையில் ஆற்றிய உரை)



ஒரு பெரிய இடத்துப் பெண்மணியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். தீப்பெட்டி ஆபீசிலும் பட்டாசு ஆலையிலும் பஞ்சாலையிலும் கரிசல் காட்டிலும் பாடுபடுகிற நமக்கும் பெரிய இடத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். கேட்பது நியாயமே. நம் பக்கத்தில் தர்மவான்களுக்குப் பஞ்சமில்லை. கோவில் மணியில் பெயர், பள்ளிக்கூட பெஞ்சியில் பெயர், ஆஸ்பத்திரிக் கட்டிலில் பெயர். நோயாளி புரண்டு படுத்தால் 'உபயம்' இன்னார் என்பதுதான் முதலில் கண்ணில் படும். அந்தக் கட்டில் வாங்கிய பணம் யாருடைய கூலியில் பிடித்த பணம் என்பதை மட்டும் எழுதியிருக்க மாட்டார்கள்!

லட்சுமி அம்மையார் செய்த உபகாரம் வேறு ரகம். 1914 அக்டோபர் 24ந் தேதி சென்னையில் பிறந்து, 2012 ஜூலை 23ந் தேதி கான்பூரில் மறைந்தார். 97 வயது. தகப்பனார் எஸ்.சுவாமிநாதன் சென்னையில் பேர்பெற்ற வக்கீல். தாயார் அம்மு சுவாமிநாதன் அரசியல் நிர்ணய சபையில் அங்கத்தினராக இருந்தவர். 1952ல் நம் திண்டுக்கல் தொகுதியிலிருந்து பார்லிமெண்டுக்குப் போனவர். தங்கை மிருணாளினி உலகம் அறிந்த நாட்டியக் கலைஞர். குறையென்று சொல்ல ஒன்றுமில்லாத குடும்பம்.

ஆனால் சின்ன வயதிலேயே ஒரு சம்பவம். மலையாளத்தில் பாட்டி வீடு. காட்டுப்பக்கத்து ஆதிவாசி ஜனங்கள் அந்த வீட்டாருக்குத் தீண்டத்தகாதவர்கள். சிறுமி லட்சுமி ஒருநாள் நேரே போய், அவர்களில் ஒரு பெண்குழந்தையின் கையைப் பிடித்து விளையாட அழைத்துக்கொண்டாள். பாட்டிக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. பேத்தியோ பிடித்த கையை விடவில்லை! அந்தப் பிடிவாதம் கடைசிவரை இருந்தது.

1938ல் சென்னை வைத்தியக் கல்லூரியில் டாக்டர் பட்டம் பெற்றார். பிரசவ வைத்தியத்தில் தனிப் படிப்பும் படித்தார். திருவல்லிக்கேணி ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தார். 1940ல் சிங்கப்பூர் சென்று, ஏழைகளுக்கென்று வைத்தியசாலை வைத்தார். அங்கே வந்த நோயாளிகள் யார்? பெரும்பாலும் இங்கிருந்து பிழைக்கப்போன கூலி ஜனங்கள். பஞ்சமும் கடனும் துரத்த, கங்காணியின் பேச்சை நம்பிக் கப்பலேறி, ரப்பர் தோட்டத்தில் முதுகொடிந்தவர்கள். நம் பாட்டன் பூட்டன் வகையிலும் அப்படிப் போனவர்கள் உண்டு.

1943 ஜூலையில் நேதாஜி சுபாஷ் போஸ் சிங்கப்பூர் வந்தார். பெண்களுக்கென்று ஒரு படை வேண்டும் என்றார். லட்சுமி அம்மையார் யோசித்துச் சொல்கிறேன் என்று நாள் கேட்கவில்லை. வைத்தியசாலையை மூடிவிட்டு ஜான்சி ராணிப் படைக்குத் தலைமை ஏற்றார். துப்பாக்கி தூக்க முன்வந்தவர்களில் பெரும்பகுதியினர் தமிழ்ப்பெண்கள். அதிலும் தோட்டக்காட்டில் பால் வெட்டிய பெண்கள்! பலர் இந்திய மண்ணைக் கண்ணால் கண்டதே இல்லை. அந்த மண்ணுக்காக உயிர்கொடுக்க வந்தார்கள். சரித்திரப் புத்தகத்தில் அவர்களுக்கு எத்தனை வரி ஒதுக்கியிருக்கிறார்கள் என்று உங்கள் பிள்ளைகளின் பாடப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். அம்மையாருக்குப் பின்னால் கர்னல் பதவியும் வந்தது. ஜனங்கள் வாயில் நிலைத்தது 'கேப்டன் லட்சுமி' தான். 1945ல் பர்மாவில் பிரிட்டிஷார் அவரைக் கைது செய்தனர். 1946 மார்ச்சில்தான் இந்தியா கொண்டுவந்தார்கள்.

தோழர்களே, இதோடு ஓய்ந்திருந்தாலும் பெயர் நின்றிருக்கும். செங்கோட்டை விசாரணையில் கூண்டில் நின்ற வீரர் பிரேம் சாகலை 1947ல் மணந்தார். அந்தப் பெயர்களை வைத்துக்கொண்டு டில்லியில் பதவி தேடியிருக்கலாம். அவர் போனது கான்பூருக்கு.

கான்பூர் ஆலை நகரம். நம் ராஜபாளையத்தைப் போலப் பல மடங்கு. சங்குச் சத்தத்தில் விடிந்து சங்குச் சத்தத்தில் அடங்கிய ஊர். பிரிவினையில் வீடுவாசல் இழந்த அகதிகள் அங்கே வந்து குவிந்தார்கள். அம்மையார் அவர்களுக்கு வைத்தியம் பார்த்தார். இந்துவும் அவரை நம்பினார், முஸ்லிமும் நம்பினார். அந்த நாளில் அது லேசான காரியமா? பிறகு அங்கேயே வைத்தியசாலை நிலைத்தது. காலையானால் அம்மையார் நாற்காலியில் இருப்பார். ஏழைப் பெண்களின் பிரசவம், கைக்குழந்தையின் ஜுரம். ஒரு வருஷமா, இரண்டு வருஷமா? ஐம்பது வருஷத்துக்கும் மேலே! 2006ல், 92ஆவது வயதிலும், நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நன்கொடை எழுதிக்கொடுப்பது ஒருநாள் வேலை. ஆயுள் முழுவதும் தினந்தோறும் உட்கார்ந்து நாடி பிடித்துப் பார்ப்பது எளிதல்ல. இங்கே இருக்கிற தாய்மார்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

1984 அக்டோபர் 31ல் இந்திரா காந்தி கொலையுண்டார். சீக்கியர்களை வெட்டவும் கொளுத்தவும் கூட்டம் கிளம்பியது. கான்பூரிலும் கிளம்பியது. எழுபது வயதுக் கிழவி தன் வைத்தியசாலைத் தெருவில் இறங்கிக் கூட்டத்துக்கு எதிரே நின்றார். அந்த வட்டாரத்தில் ஒரு சீக்கியர் மீதும் கை விழவில்லை. வெறிகொண்டு வந்தவர்களில் எத்தனை பேர் அவர் கையில் பிறந்த பிள்ளைகளோ!

அதே வருஷம் டிசம்பரில் போபாலில் விஷவாயு. அங்கும் வைத்தியக் குழுவுடன் போனார். போபால் என்றால் நமக்கு எங்கோ இருக்கிற ஊரல்ல. மருந்துக்கலவையின் நெடியைச் சுவாசித்துக்கொண்டு, உராய்வுக்குப் பயந்துகொண்டு, உயிரைக் கையில் பிடித்து வேலை செய்கிற ஜனங்கள் நாம். 2021 பிப்ரவரி 12ந் தேதி அச்சங்குளத்தில் வெடித்ததை இந்த வட்டாரத்தில் யார் மறப்பார்கள்? விபத்து என்றால் மந்திரி வருகிறார், நிவாரணத் தொகை அறிவிக்கிறார், போகிறார். தீய்ந்த கையோடு பிழைத்தவளுக்கு ஆறாம் மாதம் யார் வைத்தியம் பார்ப்பது? பணம் வந்தாலும் அந்த இடத்தில் ஆள் வேண்டும்.

இன்னொரு விஷயம். குடும்பத்தில் மூத்தவர் சொல்வதைச் சிறியவர் கேட்பது நம் வழக்கம். அந்த வீட்டில் மகள் சுபாஷினிதான் முதலில் கம்யூனிஸ்ட் ஆனார். தாயார் பின்னால் வந்தார். 1971ல் வங்காளத்திலிருந்து அகதிகள் லட்சக்கணக்கில் எல்லை தாண்டி வந்தபோது, ஜோதி பாசு மருந்தும் டாக்டர்களும் வேண்டுமென்று கேட்டார். அம்மையார் மூட்டை கட்டிக்கொண்டு போய் ஐந்து வாரம் எல்லையோர முகாம்களில் வேலை செய்தார். அதன்பின் கட்சியில் சேர்ந்தார். பேரன் பேத்தி எடுக்கிற வயது! 1981ல் அகில இந்திய ஜனநாயக மாதர் சங்கம் உருவானபோது அதை நிறுவியவர்களில் ஒருவரானார். மகள் 1989ல் கான்பூரிலிருந்து பார்லிமெண்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

2002ல் ஜனாதிபதி தேர்தலுக்கு இடதுசாரிகள் அவரை நிறுத்தினார்கள். எதிரே நின்றவர் நம் பழைய ராமநாதபுரம் ஜில்லாக்காரர் அப்துல் கலாம். தோற்பது நிச்சயம் என்று எல்லோருக்கும் தெரியும்; அம்மையாருக்கும் தெரியும். 87 வயதில் ஊர் ஊராகப் போய்ப் பட்டினியைப் பற்றியும் மதவெறியைப் பற்றியும் பேசினார். விழுந்த ஓட்டின் மதிப்பு 1,07,366. கலாமுக்கு 9,22,884. தேர்தல் முடிந்ததும் வைத்தியசாலைக்குத் திரும்பிவிட்டார்.

நம் ஊரில் சொத்துக்காரக் கிழவி கண்ணை மூடினால் பதினாறாம் நாள் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பத்திரமும் நகைப்பெட்டியும் வெளியே வரும். லட்சுமி அம்மையார் கண்களைத் தானமாகக் கொடுத்துவிட்டார். உடலையும் மாணவர்கள் படிக்க வேண்டுமென்று கான்பூர் வைத்தியக் கல்லூரிக்கு எழுதி வைத்திருந்தார். அந்தக் கல்லூரி கணேஷ் சங்கர் வித்யார்த்தியின் பெயரைத் தாங்கியது. 1931ல் அதே கான்பூரில் கலகம் மூண்டபோது, இரு மதத்து ஜனங்களையும் காப்பாற்றத் தெருவில் இறங்கி உயிர்விட்ட பத்திரிகைக்காரர் அவர்.