திரை வழியே வக்கீல் தொழில்: நம் பிள்ளைகளுக்குக் கிடைப்பது என்ன?

(ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கலந்துகொண்ட அரசியல் வகுப்பில், கட்சியின் முழுநேர ஊழியர் ஒருவர் ஆற்றிய உரை)

தோழர்களே!

சென்ற வகுப்பு முடிந்து கலையும்போது விவசாயத் தொழிலாளர் சங்கத் தோழர் ஒருவர் நம்மிடம் ஒரு கேள்வி கேட்டார். “என் மகள் சட்டக் கல்லூரியில் படிக்கிறாள். ஒரு மாத காலமாகப் போனும் கையுமாக வீட்டிலேயே உட்கார்ந்திருக்கிறாள். கேட்டால், மும்பாயில் ஒரு வக்கீல் கம்பெனியில் வேலை பழகுகிறேன் என்கிறாள். போகவும் இல்லை, வரவும் இல்லை, சம்பளமும் இல்லை. இது வேலையா, படிப்பா, ஏமாற்றா?” என்றார்.

நியாயமான கேள்வி. இன்று நம் சங்க உறுப்பினர்களின் பிள்ளைகள் பலர் சட்டம் படிக்கிறார்கள். கோர்ட் வாசலில் கைகட்டி நின்ற தலைமுறையின் பிள்ளைகள் கறுப்புக் கோட்டு அணியப் போகிறார்கள். அவர்களை யார் பழக்குகிறார்கள், எதற்குப் பழக்குகிறார்கள் என்பது வர்க்கத்தின் பிரச்னை. ஆகையால் இன்று அதைப் பற்றியே பேசுவோம்.

விதி என்ன சொல்கிறது?

முதலில் விதியைத் தெரிந்துகொள்வோம். இந்திய பார் கவுன்சில் 2008-ல் வகுத்த சட்டக் கல்வி விதிகளின்படி, ஐந்தாண்டுப் படிப்புப் படிக்கும் மாணவர் மொத்தம் 20 வாரமும், மூன்றாண்டுப் படிப்புப் படிக்கும் மாணவர் 12 வாரமும் வேலை பழக வேண்டும். இதைத்தான் இன்டர்ன்ஷிப் என்கிறார்கள். ஓர் ஆண்டில் தொடர்ச்சியாக 4 வாரத்துக்கு மேல் கூடாது. வக்கீல்களிடம் போகலாம், நீதிபதிகளிடம் போகலாம், கம்பெனிகளுக்கும் சட்ட நிறுவனங்களுக்கும் போகலாம், தொண்டு ஸ்தாபனங்களுக்கும் போகலாம். ஆனால் படிப்புக் காலம் முழுவதிலும் ஒரு தடவையாவது, வழக்கு நடத்தும் வக்கீலிடம் பழகியே தீரவேண்டும் என்பதும் அந்த விதியில் இருக்கிறது.

விதி எல்லோருக்கும் ஒன்றுதான். வசதி ஒன்றா? பெரிய சட்ட நிறுவனங்கள் மும்பாயிலும் டெல்லியிலும் பெங்களூரிலும் இருக்கின்றன. அங்கே ஒரு மாதம் தங்க ரயில் கட்டணம் வேண்டும், அறை வாடகை வேண்டும், மூன்று வேளைச் சாப்பாடு வேண்டும். பணக்கார வீட்டுப் பிள்ளைக்கு இது கோடை விடுமுறைச் செலவு. ஆலைத் தொழிலாளியின் பிள்ளைக்கு இது வட்டிக் கடன்.

இந்த நிலைமையில்தான் 2020 மார்ச் 25 அன்று நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது. ஏப்ரல் 6-ல் சுப்ரீம் கோர்ட்டே வீடியோ வழியாக வழக்கு விசாரிக்க உத்தரவு போட்டது. கோர்ட்டே திரைக்குள் போனபிறகு, வேலை பழகுவதும் திரைக்குள் போயிற்று. ஊரடங்கு முடிந்தும் அந்த ஏற்பாடு நின்றுவிடவில்லை.

மூன்று வகை

ஆன்லைன் இன்டர்ன்ஷிப் என்ற ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு சரக்கு விற்பனையாகிறது. நாம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது, மாதிரிப் பயிற்சி. ஆஸ்திரேலியாவில் 2017-ல் தோன்றி இன்று ஃபோரேஜ் என்று பெயர் பெற்றுள்ள நிறுவனம் இதற்கு ஓர் உதாரணம். லண்டனின் லிங்க்லேட்டர்ஸ், கிளிஃபோர்ட் சான்ஸ் போன்ற பெரிய சட்ட நிறுவனங்கள் அதில் பாடங்களை வைத்தன. ஒரு கற்பனை வழக்கைக் கொடுப்பார்கள். ஒரு கடிதம் எழுதச் சொல்வார்கள். எழுதி அனுப்பியதும், சரியான கடிதம் எப்படியிருக்கும் என்று ஒரு மாதிரியைக் காட்டுவார்கள். கட்டணம் கிடையாது. சில மணி நேரத்தில் முடிந்துவிடும். அந்தப் பக்கம் உட்கார்ந்து திருத்துகிற மனிதரும் கிடையாது. இது நல்ல பாடப் புத்தகம் மாதிரி. படிக்கலாம், தவறில்லை. ஆனால் இதை வேலை என்று சொல்ல முடியாது.

இரண்டாவது, உண்மையான வேலை. நிறுவனத்தில் உள்ள ஒரு வக்கீல் காலையில் ஒரு பிரச்னையை அனுப்புவார். மாணவர் தீர்ப்புகளைத் தேடிப் படித்துக் குறிப்பு எழுதி மாலையில் அனுப்ப வேண்டும். அந்தக் குறிப்பு நிஜமான வழக்குக்குப் பயன்படும்.

மூன்றாவது, சர்டிபிகேட் வியாபாரம். பணம் கட்டு, பெயரைப் பதிவு செய், நான்கு வாரம் கழித்துக் காகிதம் வாங்கிக்கொள் என்பது. கற்றுக்கொடுக்க ஆளும் இல்லை, கற்றுக்கொள்ள வேலையும் இல்லை. இது பச்சை ஏமாற்று.

அந்தத் தோழரின் கேள்விக்கு இதுவே முதல் பதில்: அவர் மகள் செய்வது இந்த மூன்றில் எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு நூற்பாலைத் தொழிலாளியின் மகள்

நமக்கு நேரில் தெரிந்த ஒரு விஷயத்தைச் சொல்கிறோம். 2023 கோடையில் கோவை வட்டாரத்து நூற்பாலைத் தொழிலாளி ஒருவரின் மகள், நான்காம் ஆண்டு சட்டம் படிப்பவள், வெளி மாநிலத்துச் சட்ட நிறுவனம் ஒன்றில் நான்கு வாரம் ஆன்லைனில் வேலை பழகினாள். வீடு ஒரே அறை. தகப்பனார் இரவு ஷிப்டு முடித்துப் பகலில் தூங்குவார். பெண் கொல்லைப்புறச் சுவர் ஓரம் பலகை போட்டு உட்கார்ந்து, போனிலேயே படித்து போனிலேயே எழுதினாள்.

இரண்டாவது வாரம் அவளுக்கு ஒரு வேலை வந்தது. ஓர் ஆலைக்கும் காண்ட்ராக்டருக்கும் இடையேயான ஒப்பந்தம். “தொழிலாளர் கூலிக்குக் காண்ட்ராக்டரே பொறுப்பு, ஆலைக்கு எவ்விதப் பொறுப்பும் இல்லை” என்று அதில் ஒரு ஷரத்து. அது சட்டப்படி செல்லுமா என்று குறிப்பு எழுதச் சொன்னார்கள்.

அவள் தேடிப் படித்தாள். 1970-ம் ஆண்டு காண்ட்ராக்ட் தொழிலாளர் சட்டத்தின் 21-வது பிரிவு தெளிவாக இருந்தது. காண்ட்ராக்டர் கூலி கொடுக்கத் தவறினால், வேலை வாங்கிய முதலாளியே கொடுத்தாக வேண்டும். கொடுத்த பணத்தை அவர் காண்ட்ராக்டரிடம் வசூல் செய்துகொள்ளலாம். அதாவது, அந்த ஷரத்து முதலாளிக்கும் காண்ட்ராக்டருக்கும் இடையே கணக்குத் தீர்க்க உதவலாம். தொழிலாளியின் கூலியை மறுக்க உதவாது. அப்படியே எழுதி அனுப்பினாள். அவளை மேற்பார்த்த வக்கீல் இங்கிலீஷைத் திருத்தி, சட்டம் சரி என்று ஒப்புக்கொண்டார்.

எந்த ஆலை, எந்தக் காண்ட்ராக்டர் என்று அவள் நம்மிடம் சொல்லவில்லை. நாமும் கேட்கவில்லை. வழக்குக் கொடுத்தவரை வக்கீல்கள் கட்சிக்காரர் என்பார்கள். அந்தக் கட்சிக்காரரின் ரகசியத்தைக் காப்பது அவர்கள் தொழில் தர்மம். அதைக் கெடுக்கச் சொல்வது நம் வேலையல்ல. சட்டப் பிரிவு மட்டும் ரகசியமல்ல; அது அச்சில் இருக்கிறது.

அன்று மாலை அவள் அந்தப் பிரிவைத் தாயாரிடம் படித்துச் சொன்னாள். தாயார் முன்பு வேறோர் ஆலையில் காண்ட்ராக்டில் கோன் சுற்றியவர். ஒரு நாள் காண்ட்ராக்டர் இரண்டு மாதக் கூலியோடு ஓடிவிட்டான். ஆபீசில் போய் நின்றபோது, இதே மாதிரி ஒரு காகிதத்தைக் காட்டி, “எங்களுக்குச் சம்பந்தமில்லை” என்று அனுப்பிவிட்டார்கள். அந்த ஆலையில் காண்ட்ராக்ட் தொழிலாளருக்கு அன்று சங்கம் இல்லை. பெண்கள் அழுதுவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

நாம் அந்த வீட்டுக்குப் போனபோது தாயார் நம்மிடம் கேட்டது ஒன்றே ஒன்று: “இது அன்றைக்கும் சட்டத்தில் இருந்ததா தோழர்? அப்படியானால் அன்றைக்குச் சொல்ல ஏன் ஓர் ஆள் இல்லை?”

தோழர்களே, இந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நம் பிள்ளைகள் வக்கீல் ஆவதில் நமக்கு என்ன அக்கறை என்பதற்கு அதிலேயே பதில் இருக்கிறது.

லாபமும் நஷ்டமும்

திரை வழிப் பயிற்சியில் லாபம் இல்லையா? உண்டு. ரயில் கட்டணம் இல்லாமல் அந்தப் பெண் பெரிய நிறுவனத்தின் உள்ளே எட்டிப் பார்த்தாள். முதலாளி பக்கத்து வக்கீல் எப்படி யோசிக்கிறார், ஷரத்துக்களை எப்படிக் கட்டுகிறார் என்று தெரிந்துகொண்டாள். எதிரியின் கோட்டைக்குள் இருக்கும் வழிகளை அறிந்த பிள்ளை நமக்கு வேண்டும்.

நஷ்டம் என்ன? முதலாவது, கூலி இல்லை. அவள் எழுதிய குறிப்புக்கு நிறுவனம் கட்சிக்காரரிடம் கட்டணம் வாங்கும். எழுதியவளுக்கு ஒரு சர்டிபிகேட். போனுக்கு ரீசார்ஜ் செய்ததுகூடத் தகப்பனாரின் ஷிப்டுக் கூலியில்தான்.

நமக்கு இது புதிதா? பீடி முதலாளி இலையையும் தூளையும் வீட்டுக்குக் கொடுத்துச் சுருட்டச் சொன்னானே, அதே தந்திரம்தான்! கொட்டகை வாடகை மிச்சம், விளக்கு மிச்சம், பலகை மிச்சம். எல்லாவற்றுக்கும் மேலாக, தொழிலாளிகள் ஒருவரை ஒருவர் பார்க்காதது பெரிய மிச்சம். அந்த நிறுவனத்தில் அதே மாதம் வேறு பல மாணவர்களும் பழகினார்கள். அவர்களில் ஒருவர் முகத்தையும் இந்தப் பெண் பார்க்கவில்லை. முகம் பார்க்காதவர்கள் சேர்ந்து கூலி கேட்பது எப்படி? வீட்டிலிருந்து பீடி சுற்றுகிறவர்களும் தொழிலாளிகளே என்று 1966-ம் ஆண்டுச் சட்டம் ஒப்புக்கொண்டது. திரைக்குப் பின்னால் எழுதுகிற மாணவரை எந்தச் சட்டம் ஒப்புக்கொள்கிறது?

வக்கீலாகப் பதிவு செய்த ஜூனியர்களின் நிலைமையே நேற்றுவரை அப்படித்தான் இருந்தது. 2024 ஜூனில்தான் சென்னை ஐகோர்ட், ஜூனியர் வக்கீல்களுக்கு மாதம் குறைந்தது 15,000 முதல் 20,000 ரூபாய் கொடுக்க வழிசெய்யும்படி தமிழ்நாடு பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. அதுவும் பதிவு செய்தவர்களுக்குத்தான், மாணவர்களுக்கு அல்ல.

இரண்டாவது நஷ்டம் இதைவிடப் பெரிது. திரையில் காகிதம் தெரிகிறது, மனிதர் தெரிவதில்லை. அந்தப் பெண் கூலி ஷரத்தைப் படித்தாள். கூலி கிடைக்காதவரின் முகம் திரையில் வரவில்லை. அவள் வீட்டில் இருந்தது. வேறு வீட்டுப் பிள்ளையாக இருந்தால் அந்த ஷரத்து வெறும் ஷரத்தாகவே போயிருக்கும். குமாஸ்தா மனுவை எப்படித் தாக்கல் செய்கிறார், சாட்சி ஏன் பயப்படுகிறார், வாய்தா வாங்கி வாங்கித் தொழிலாளியை எப்படிக் களைக்க வைக்கிறார்கள் — இவற்றைக் கோர்ட் வராந்தாவில் நின்றுதான் கற்க முடியும்.

நம்மிடம் ஒரு பாரம்பரியம் உண்டு

சட்ட நிறுவனம் என்றாலே முதலாளி பக்கம்தான் என்று நினைக்க வேண்டாம். சென்னையில் ராவ் அண்டு ரெட்டி என்ற சட்ட நிறுவனம் தொழிலாளர்களுக்கும் கம்யூனிஸ்டுகளுக்கும் வாதாடியது. அதைச் சேர்ந்த பாரிஸ்டர் வி. ஜி. ராவ், மக்கள் கல்விச் சங்கத்தின் பொதுச் செயலாளர். 1950-ல் சென்னை சர்க்கார் அந்தச் சங்கத்தைச் சட்ட விரோதம் என்று அறிவித்தது. ராவ் ஐகோர்ட்டில் வழக்குத் தொடுத்து வென்றார். சர்க்கார் அப்பீல் போயிற்று. 1952 மார்ச் 31-ல் சுப்ரீம் கோர்ட்டும் அவர் பக்கமே தீர்ப்பளித்தது. சங்கம் வைக்கும் உரிமைக்கு இன்றும் அந்தத் தீர்ப்பை எடுத்துக் காட்டுகிறார்கள். 2006-ல் ஐகோர்ட் நீதிபதியாகி 2013-ல் ஓய்வு பெற்ற கே. சந்துரு, இளம் வக்கீலாக வேலை பழகியதும் அந்த நிறுவனத்தில்தான். எந்தப் பள்ளியில் பழகுகிறோமோ, அந்தப் பள்ளியின் கண் நமக்கு வருகிறது.

நாம் செய்ய வேண்டியது

இன்று இந்த அவசியம் கூடியிருக்கிறது. 29 தொழிலாளர் சட்டங்களை மத்திய சர்க்கார் 4 தொகுப்புகளாக்கி, 2025 நவம்பர் 21 முதல் அமலுக்குக் கொண்டுவந்தது. காண்ட்ராக்டர் கொடுக்காத கூலிக்கு வேலை வாங்கியவரே பொறுப்பு என்பது புதிய தொகுப்பிலும் இருக்கிறது. ஆனால் பிரிவு எண் மாறிவிட்டது, சட்டத்தின் பெயர் மாறிவிட்டது. பழைய சட்டத்தை மனப்பாடமாக வைத்திருந்த நம் மூத்த தோழர்களும் மறுபடி படிக்க வேண்டும். படித்த பிள்ளைகள் நம் பக்கத்தில் உட்கார வேண்டும்.

ஆகவே நாம் முன்வைக்கும் யோசனைகள்:

ஒன்று: பிள்ளைகளைத் தடுக்காதீர்கள். ஆன்லைன் பயிற்சி கிடைத்தால் செய்யட்டும். ஆனால் பயிற்சிக்குப் பணம் கேட்டால் ஒரு பைசாவும் கொடுக்கக் கூடாது.

இரண்டு: சேரும் முன் நான்கு கேள்விகளை எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். என் வேலையைத் திருத்துகிற வக்கீல் யார்? நிஜ வேலையா, மாதிரியா? ஊதியம் உண்டா? இதைக் கல்லூரி கணக்கில் எடுத்துக்கொள்ளுமா?

மூன்று: நிஜ வேலை வாங்கினால் ஊதியம் கொடுக்க வேண்டும் என்பதை மாணவர் சங்கங்கள் கோரிக்கையாக எழுப்ப வேண்டும். தொழிற்சங்கங்கள் அதை ஆதரிக்க வேண்டும்.

நான்கு: ஒவ்வொரு சங்க அலுவலகத்திலும் சட்டம் படிக்கும் பிள்ளைக்கு ஒரு மேஜையும், ஒரு கம்ப்யூட்டரும், இன்டர்நெட் இணைப்பும் வேண்டும். கொல்லைப்புறச் சுவரோரம் உட்காரத் தேவையில்லை. பகலில் நிறுவனத்தின் வேலையைச் செய்யட்டும். மாலையில் நம் குற்றப் பத்திரிகைகளையும் கூலிச் சீட்டுகளையும் படிக்கட்டும். 1947-ம் ஆண்டுத் தொழில் தகராறு சட்டத்தில், மறுதரப்பின் சம்மதமும் கோர்ட்டின் அனுமதியும் இல்லாமல் தொழிலாளர் கோர்ட்டில் வக்கீல் ஆஜராக முடியாதிருந்தது. சங்க நிர்வாகிகளே நின்று வாதாடினார்கள். எட்டாவது படித்த தோழர்கள் பாரிஸ்டர்களுக்குப் பதில் சொன்னார்கள். அந்த அனுபவம் எந்தத் திரையிலும் கிடைக்காது.

ஐந்து: 1987-ம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-வது பிரிவுப்படி பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும், ஆலைத் தொழிலாளிக்கும் இலவச சட்ட உதவி பெற உரிமை உண்டு. மனு எழுதக்கூட ஆள் இல்லாமல் இந்த உரிமை வீணாகிறது. அந்த மனுவை எழுதுவது நம் சட்ட மாணவர்களின் முதல் பயிற்சியாக இருக்கட்டும்.

தோழர்களே! கூலி கிடைக்காத பெண்கள் இனி ஆபீஸ் வாசலில் நின்றால், “இல்லை அம்மா, சட்டம் இப்படிச் சொல்கிறது” என்று அந்த இடத்திலேயே எடுத்துச் சொல்ல ஓர் ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். அந்த ஆள் நம் வீட்டுப் பிள்ளையாக இருக்க வேண்டும். அதற்கான வேலையை அடுத்த சங்கக் கூட்டத்திலேயே தொடங்குவோம்!